கப்டனின் பேர்கண்டியும் என் மூக்கும்

மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பேயனாக்குகிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். என் கிளாசில் மட்டும் வெறும் சாயத்தண்ணீரை ஊற்றிவிட்டு, தங்களுடைய கிளாசுகளில் நல்ல பிரெஞ்சு வைனை வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் இருந்து கண்ணை மூடி மூடி ரசித்துக் காட்டுகிறார்கள் என்று நம்பினேன். கோவில் வாசலில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் சத்தியம் பண்ணியிருப்பேன்.

அப்படி நம்ப எனக்கு நியாயம் இருந்தது. அதற்கு முந்திய வருடம், வெறும் பிரெஞ்சுப் போத்தல் ஒன்றில் நாவல்பழச் சாற்றையும் புளித்த கள்ளையும் கலந்து ஊற்றி, தக்கையை மெழுகு வைத்து அடைத்து, கப்பலில் இருந்து வந்தது என்று அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். கப்டன் அதைக் கிளாசில் சுழற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்து, “இதில ஒரு கண்ணியம் இருக்கு, ஐசே. பழைய குடும்பத்துச் சாமான்” என்றார். பழைய குடும்பம்தான். பாலையூற்றில் என் வீட்டு வேலிக்குப் பின்னால் நிற்கிற பனை. உண்மையைச் சொன்னதும் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகு கப்டன் என் தோளில் தட்டி, “இருக்கும், இருக்கும். உமக்கும் ஒரு நாள் இருக்கும்” என்றார். அந்த நாள் வந்துவிட்டது என்று நான் நினைத்தது ஒரு பெரிய பிழையா?

கப்டன் எந்தக் கப்பலையும் ஓட்டியவர் அல்லர். வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையில் இருந்த காலத்தில், அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்தில் வைன் ஊற்றியவர். வெள்ளைக்காரக் கலப்பில் இங்கேயே பிறந்த பறங்கி மனிதர். வெள்ளைக்காரர் போன பிறகு, அவர் நடக்கிற நடையைப் பார்த்து ஊர் கொடுத்த பட்டம் அது. வெள்ளைக்காரரின் ‘ஐ சே’ அவருடைய வாயில் ‘ஐசே’ ஆகி, எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த மண்டபத்தில் எத்தனையோ போத்தல் திறந்திருப்பார், அப்போது ஒரு சொட்டும் குடித்ததில்லை. அவருடைய மனைவியை நாங்கள் நோனா என்போம். கன்னியர் மடத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர். யாரையும் முகத்துக்காகப் புகழத் தெரியாதவர். மூன்றாமவர் அப்போதிக்கரி. வைத்தியசாலையில் டொக்டருக்குக் கொஞ்சம் கீழே, மருந்து கலக்கிறவருக்குக் கொஞ்சம் மேலே உள்ள உத்தியோகம். நான் கப்பல் ஏஜண்டின் கந்தோரில் கிளாக்கர். துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு லோஞ்ச் என்கிற சிறு இயந்திரப் படகில் கடதாசிகள் கொண்டு போவது என் வேலை.

கடைகளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் இல்லாத காலம் அது. விடியப்புறம் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்றுவிட்டு, பின்னேரம் பிரான்சு தேசத்து மண்ணின் குணத்தைப் பற்றிக் கதைத்தோம். போத்தல்கள் கப்பல்களில் இருந்துதான் வந்தன. தேயிலை ஏற்ற வருகிற கப்பலின் சமையற்கட்டுப் பொறுப்பாளருக்கு பனையோலைக் கடகம் நிறைய உயிர் நண்டும் கொஞ்சம் புளித் தேசிக்காயும் கொடுத்தால், மனிதர் சந்தோசத்தில் ஒன்று இரண்டு போத்தல்களைத் துணியில் சுற்றித் தருவார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், உட்துறைமுகம் தெரிகிற கப்டன் வீட்டுப் பின்விறாந்தையில், அதைத் திறப்போம்.

வைனைப் பற்றிக் கதைக்க எங்களிடம் சொல் இருக்கவில்லை. கப்டனுக்குத் தெரிந்தவை அதிகாரிகள் சொல்லிக் கேட்ட சில ஆங்கிலச் சொற்கள். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் கோபிப்பார். ஆகவே நாங்களே ஒரு முறையை உண்டாக்கிக் கொண்டோம். மணந்து பார்த்து, குடித்துப் பார்த்து, அது எங்கள் ஊரில் எதைப்போல மணக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொருளைக் கையோடு கொண்டுவர வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். போத்தலில் கொஞ்சம் மிச்சம் வைத்து, தக்கையை இறுக்கி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈர மணலில் புதைத்து வைப்போம். மறுகிழமை சாட்சியை ஒரு பக்கமும் கிளாசை ஒரு பக்கமும் வைத்து மாறி மாறி மணப்போம். ஒரு கிழமை திறந்து கிடந்த வைன் தானே மாறிவிடும் என்ற அறிவு எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. ஒத்துவராவிட்டால் சாட்சியைத்தான் குற்றம் சொன்னோம்.

நோனா ஒரு வெள்ளை வைனுக்கு ஈரச் சிலேட்டைக் கொண்டு வந்தார். நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்று அந்தச் சிலேட்டை மணந்தோம். ஒத்தது. அப்போதிக்கரி சாட்சி எல்லாவற்றையும் வைத்தியசாலைப் பஞ்சில் தொட்டுக் கொண்டுவருவார். அது எதற்கும் ஒத்ததில்லை. கப்டன் எந்தச் சிவப்பு வைனுக்கும் தன் பழைய தோல் பட்டியையே கழற்றி மேசையில் வைப்பார். “மனுசா, காற்சட்டை விழப்போகுது, கட்டும்” என்று நோனா ஏசுவார். நான் ஒருமுறை, மூதூர் லோஞ்சில் வெயில் பட்ட கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் யாரோ மாம்பழம் வெட்டிய மணம் என்று சொன்னேன். கயிறும் மாம்பழமுமாய்ப் போய் நின்றேன். மூன்று பேரும் மணந்து பார்த்து, திரும்பவும் ஒருமுறை மணந்து, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அன்றிலிருந்து என் மூக்குக்கு அந்த விறாந்தையில் ஒரு தனிக் கதிரை. வாழ்க்கையில் வேறு எதிலும் முதலாவதாக வராதவனுக்கு அது ஒரு பெரிய காரியம்.

ஒரு வாடைக்காலம், லோஞ்சில் நனைந்து, காய்ச்சலும் தடிமனுமாய்ப் படுத்தேன். காய்ச்சல் விட்டது. மூக்கடைப்பும் விட்டது. மூச்சு நன்றாகப் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கப்டன் வீட்டுக்குப் போனேன். கிளாசைத் தூக்கி மணந்தேன். ஒன்றும் இல்லை. குடித்தேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நோனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “ஆ... மடத்து முற்றத்தில நாவல் மரத்துக்குக் கீழ, பழம் விழுந்து கிடக்கிற ஈர மண்” என்றார்.

“நல்லா நடிக்கிறியள், நோனா” என்றேன்.

“என்ன தம்பி?”

“எனக்கு விளங்கீட்டுது. ஐசே அப்போதிக்கரி, உம்மட கிளாசை இஞ்சால தாரும்.”

அவர் தந்தார். “நஞ்சு வைச்சதோ எண்டு பாக்கிறீரோ?”

அவருடைய கிளாசிலும் ஒன்றும் இல்லை. கப்டனின் கிளாசை வாங்கினேன். நோனாவின் கிளாசைக் கிட்டத்தட்டப் பறித்தேன். எல்லாவற்றிலும் அதே சாயத்தண்ணீர். அப்பவும் என் புத்தி எங்கே போனது என்றால், முழுப் போத்தலையும் மாற்றி வைத்துவிட்டு மூன்று பேரும் பச்சைத் தண்ணீரைக் குடித்து எனக்காக நடிக்கிறார்கள் என்ற இடத்துக்குத்தான் போனது. “நல்ல பகிடி, ஒத்துக்கொள்ளுறன்” என்று கைதட்டினேன். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எவ்வளவு நன்றாக நடிக்கிறார்கள் என்று வியந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

குசினிக்குள் மனைவி ஏதோ பொரித்துக்கொண்டு நின்றாள்.

“இண்டைக்கு என்ன கறி?”

அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். “பகிடியே விடுறியள்?”

“இல்லையப்பா, கேக்கிறன்.”

“சல்லிக் கருவாடு பொரிக்கிறன். சந்தியில பஸ்ஸால இறங்கிற சனமெல்லாம் எங்கட வீட்டை எட்டிப் பாத்துக்கொண்டு போகுது. நீங்கள் சட்டிக்குப் பக்கத்தில நிண்டு என்ன கறி எண்டு கேக்கிறியள்.”

சட்டிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோனேன். புகை கண்ணை எரித்தது. கண்ணீர் வந்தது. கருவாடு கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது, மூக்குக்கு மட்டும் வரவில்லை.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கதிரையில் இருத்தினாள். “கண்ணை மூடுங்கோ. கையால தொடாதேங்கோ. மணந்து மட்டும் சொல்லுங்கோ.” ஒவ்வொன்றாக மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். கோப்பித்தூள் என்றேன், அது மண்ணெண்ணெய்ப் போத்தல். சவர்க்காரம் என்றேன், அது உள்ளிப்பூண்டு. கடைசியாக ஒன்றைப் பிடித்தாள். இதையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநேரம் இழுத்து இழுத்து மணந்து, “கற்பூரம்” என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அவளுடைய கையில் ஒன்றும் இருக்கவில்லை. வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். என் எல்லாப் பகிடிக்கும் சிரிக்கிறவள், அப்போது சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இதை எப்படிப் பகிடியாக்கிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் போனேன். ஆனால் கப்டன் முந்திக்கொண்டார். அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகள் கூப்பிட்டுவிட்டாள். போவதற்கு எல்லாம் சரி. தைப்பொங்கல் கழிந்து புறப்படுகிறார்கள். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய், அலுமாரியைத் திறந்து, சேட்டுகளுக்கு நடுவில் இருந்து ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார்.

“பேர்கண்டி. பிரெஞ்சுச் சிவப்பு” என்றார். “வெள்ளைக்காரன் கடைசியாப் போகேக்க, நான் ஊத்திக் குடுத்த அதிகாரி ஒருத்தன் என்ர கையில தந்தது.”

அத்தனை வருடமும் அந்தப் போத்தல் அலுமாரிக்குள் நிமிர்ந்து நின்றிருக்கிறது, காவற்காரனைப் போல. படுக்க வைப்பது அதற்கு மரியாதையில்லை என்பது கப்டனின் எண்ணம். மண்டபத்தில் ஊற்றியவருக்கு, கீழே களஞ்சியத்தில் போத்தல்கள் எப்படிக் கிடந்தன என்று தெரியாது. படுக்க வைத்தால்தான் தக்கை காயாது என்பது எங்களுக்கும் தெரியாது. ஆடி மாதத்து வெயிலில் திருகோணமலை வீட்டுக்குள் ஒரு அலுமாரி எவ்வளவு கொதிக்கும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை வைனோடு சேர்த்து யோசிக்கவில்லை. பழசென்றால் நல்லது. அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

“போறதுக்கு முதல் ஞாயிறு இதைத் திறக்கிறம்” என்றார் கப்டன். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐசே, நான் ஊத்தின ஆள். என்ர நாக்குக்கு உப்பும் புளியும் தெரியும், அவ்வளவுதான். எல்லாத்துக்கும் பட்டியைக் கழட்டுறன் எண்டு நீங்கள் சிரிக்கிறது எனக்குத் தெரியாதே? எனக்கு வேற ஒண்டும் தெரியிறேல்லை, அதுதான் கழட்டுறன். ஆனா இவ்வளவு காலமும் என்னத்தை வைச்சிருந்தனான் எண்டு எனக்குத் தெரியவேணும். அதை நீர்தான் சொல்லித் தரவேணும். முதல் கிளாஸ் உமக்கு.”

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போத்தலின் கழுத்தைப் பிடித்திருந்த அவருடைய கையைப் பார்த்தேன். “நல்லது கப்டன்” என்று வாய் சொல்லிவிட்டது. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் மூக்கு வந்துவிடாதா என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் எனக்கே வெட்கம். கண்டதையெல்லாம் மணந்தேன். கந்தோரில் மை போத்தலை மணந்தேன். மூதூர் லோஞ்சுக்கு நின்ற ஒரு பெரியவரின் மீன் கூடைக்குள் தலையை விட்டேன். அவர் கூடையை மடிக்குள் இழுத்துக்கொண்டு, “வாங்கிறதெண்டா வாங்கு, தம்பி. மூக்கால தின்னாத” என்றார். சந்தைக்குப் பின்னால், ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற ஒரு வாய்க்கால் இருந்தது. அதுகூடவா மணக்காமல் போகும் என்று ஒரு காலை அதற்கு மேலே குனிந்து நின்றேன். தெரிந்த மனிதர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

“என்ன, பூட்டின்ர திறப்பு ஏதும் விழுந்திட்டுதோ?”

“ஓம்” என்றேன். வேறு என்ன சொல்ல?

நல்ல மனிதர். ஒரு தடி முறித்துக்கொண்டு வந்து, இடது கையால் மூக்கைப் பொத்தியபடி, விழாத திறப்பை எனக்காக நெடுநேரம் கிண்டித் தேடினார். பக்கத்தில் நான் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக்கொண்டு நின்றேன். அவருடைய முகம் சுளிப்பதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஒரு மனிதனுக்கு நாறுகிறதே என்று இன்னொரு மனிதன் பொறாமைப்பட்டதை வேறெங்கும் நான் கேள்விப்படவில்லை.

மனைவி நொச்சி இலை அவித்து ஆவி பிடிக்க வைத்தாள். பச்சை வெங்காயம் கடித்தேன். மிளகை வறுத்துப் புகை பிடித்தேன். தும்மல் வந்தது, மணம் வரவில்லை. சல்லிக் கரையில் இருக்கிற முத்துமாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். அது போதாதென்று, பாலையூற்று மாதா கோவிலிலும் போய், நான் சைவக்காரன்தான், இருந்தாலும் பாருங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். கண் சுகமானால் வெள்ளிக் கண், கால் சுகமானால் வெள்ளிக் கால் செய்து போடுவார்களே, அதைப்போல நேர்த்தியை முன்கூட்டியே செலுத்தினால் என்ன என்று நகை செய்கிற பத்தரிடம் போனேன்.

“மூக்கு ஒண்டு வேணும்” என்றேன்.

“மூக்குத்தியோ? மகளுக்கோ?”

“இல்லை ஐயா. மூக்கு. வெள்ளியில.”

பத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “கண் அச்சு இருக்கு. கை, கால், பிள்ளை, எல்லாம் இருக்கு. மூக்குக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வரேல்லை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “காது இருக்கு, கொண்டு போறியளோ?” என்றார்.

கடவுளுக்கே இப்படி ஒரு முறைப்பாடு போனதில்லை என்றால், தீர்ப்பு எங்கிருந்து வரும்? காதும் வேண்டாம் என்று திரும்பி வந்தேன்.

இவ்வளவு பகிடியையும் எழுதுகிற எனக்கு, இடையில் இருந்த நாட்களை எழுத வரவில்லை. சோறு வாய்க்குள் நனைந்த கடதாசி. தேத்தண்ணீர் வெறும் சூடு. மழை பெய்தால் பெய்கிற சத்தம் மட்டும். மனைவி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருப்பாள், கண்ணை மூடினால் அவள் அங்கே இல்லை. லோஞ்சில் போகும்போது துறைமுகத்தைப் பார்த்தால், சுவரில் மாட்டின படம் மாதிரி இருந்தது. தண்ணீர் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, நான் உள்ளே இல்லை. மூக்கு இல்லாவிட்டால் ஞாபகமாவது இருக்கிறதே என்று பழைய மணங்களை இரவில் நினைத்துப் பார்ப்பேன். மாம்பழம் என்று நினைத்தால் நிறம் வந்தது. கயிறு என்று நினைத்தால் உள்ளங்கையில் சொரசொரப்பு வந்தது. பெயர் எல்லாம் வரிசையாக நின்றன, ஒன்றுக்குள்ளும் மணம் இல்லை. அழுதேன் என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், நான் அழுதாலும் பகிடி என்று நினைக்கிற ஊர். ஆகையால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு காலை திடீரென்று புகை மணந்தது. பாயில் இருந்து துள்ளி எழும்பி, “மணக்குது, மணக்குது!” என்று கத்திக்கொண்டு குசினிக்கு ஓடினேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தாள்.

“என்ன மணக்குது?”

“புகை. விறகு எரியிற மணம். நீ அடுப்பில என்ன வைச்சிருக்கிறாய்?”

அவள் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இன்னும் மூட்டேல்லையப்பா.”

அந்த இல்லாத புகை மத்தியானம் வரைக்கும் என்னோடு இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. போன பிறகு அந்தப் பொய்ப் புகைக்காகவும் ஏங்கினேன்.

கடைசியில் வைத்தியசாலைக்குப் போய் அப்போதிக்கரியின் மேசைக்கு முன்னால் இருந்தேன்.

“எனக்கில்லை. கந்தோரில என்ர கூட்டாளி ஒருத்தன். தடிமன் வந்து போனாப் பிறகு மணம் தெரியேல்லையாம். பயந்து போயிருக்கிறான்.”

அவர் ஒன்றும் எழுதாமல் பேனையை மூடினார். “உம்மட கூட்டாளிக்குச் சாப்பாடு இறங்குதோ?”

“இறங்குது. ருசியில்லை.”

“நித்திரை?”

“குறைவு.”

“சில பேருக்குத் திரும்பி வரும். சில பேருக்கு வராது. அதுக்கு என்னட்ட மருந்தில்லை, பெரிய டொக்டரிட்டயும் இல்லை.”

“பொங்கலுக்குள்ள வருமோ எண்டு கேக்கிறான்.”

அப்போதிக்கரி என்னை நேராகப் பார்த்தார். “கப்டனுக்குச் சொல்லச் சொல்லும், ஐசே.”

“அவனுக்குக் கப்டனைத் தெரியாதே” என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். இப்படி ஒரு முட்டாள் கதையைச் சொல்லி ஒருவரை ஏமாற்றினேன் என்று அன்று முழுக்க நிம்மதியாக வேறு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படியோ ஓட்டினேன். நோனா முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்து, அதற்குப் பக்கத்தில் ஒன்றைச் சொல்வேன். சாட்சி கொண்டு போவேன். ஒத்துவராது. “என்ன தம்பி, என்ர வாயைப் பாத்துக் கதைக்கிறீர்?” என்று நோனா ஒருநாள் கேட்டார். கப்டன் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. “அவர் பேர்கண்டிக்கு மூக்கைச் சேமிச்சு வைக்கிறார்” என்றார். நான் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் வந்தது, போனது. மூக்கு வரவில்லை. அந்த ஞாயிறு வந்தது.

கப்டன் வீடு வெறுமையாகிக் கிடந்தது. பியானோ போய்விட்டது. கதிரைகளும் போய்விட்டன. கயிறு கட்டிய மரப்பெட்டிகளின் மேல் இருந்தோம். பேசுகிற பேச்சு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கப்டன் வெள்ளைச் சேட்டு போட்டு, கையில் மடித்த துவாயோடு, அந்தக் காலத்தில் அதிகாரிகளுக்கு முன்னால் எப்படி நின்றிருப்பாரோ அப்படி நின்றார். தக்கையைத் திருகினார். அது தூளாகி வந்தது. மிச்சத்தைக் கத்தி முனையால் கிண்டி எடுத்தார். நோனாவின் பழைய மஸ்லின் துணியால் வடித்து, முதல் கிளாசை எனக்கு முன்னால் வைத்தார். நிறம் ஒரு மாதிரி மண்ணிறமாக இருந்தது. பழசு, அதுதான் என்று நினைத்தேன்.

மற்றவர்களுக்கும் ஊற்றினார். ஒருவரும் தொடவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளாசை எடுத்தேன். இப்போதாவது வரட்டும் என்று எனக்குத் தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். மூச்சை இழுத்தேன். காற்று வந்தது. காற்று மட்டும் வந்தது. ஒரு வாய் குடித்தேன். புளிப்பு கொஞ்சம் கூடத்தான். பெரிய வைன்களுக்குப் புளிப்பு வேண்டுமாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இனி இல்லை. எதைச் சொன்னாலும் சாட்சி கொண்டுவரத் தேவையில்லை. கப்டன் துவாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கப்டன்” என்றேன். “மழை வரப்போகுது. இன்னும் பெய்யேல்லை. உட்துறைமுகம் கறுத்துப்போய் நிக்குது. ஆரோ நங்கூரச் சங்கிலி இழுக்கிறாங்கள், அந்த இரும்பில ஈரம். கரையில நாவல்பழம் காயுது. பிறகு... பிறகு, தோல். பழைய தோல், நல்லா எண்ணெய் பூசின தோல். உங்கட பட்டிதான், கப்டன். இவ்வளவு நாளும் நீங்கள் சொன்னதுதான் சரி. நாங்கள்தான் சிரிச்சனாங்கள்.”

நோனா கிளாசை மூக்குக்குக் கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். அப்போதிக்கரி மணந்துவிட்டுக் கிளாசைப் பெட்டியின் மேல் மெதுவாக வைத்தார். கப்டன் தன் கிளாசை எடுத்தார். மணந்தார். ஒரு வாய் குடித்தார். விழுங்குவதற்கு நேரம் எடுத்தது. பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்தார்.

“ஓம்” என்றார். “நீர் சொல்லுறது சரிதான்.”

கிட்ட வந்து என் கையைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். உள்ளே குழாய் திறந்து முகம் கழுவுகிற சத்தம் கேட்டது.

நோனா என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைத்தார்.

“தம்பி, உமக்கு ஆண்டவர் குறையொண்டும் வைக்கமாட்டார்.”

“ஏன் நோனா?”

“இது வைனில்லை, புளிச்சுக் கெட்ட வினாகிரி. வினாகிரி கூட இல்லை, அழுகின சாக்கு ஊறின வினாகிரி. தக்கை திறக்கேக்கையே எனக்கு மணந்தது. அவருக்கும் விளங்கீட்டுது. எவ்வளவு காலம் வைச்சிருந்த மனுசன்... நீர் மட்டும் முகத்தைச் சுளிச்சிருந்தா, அவர் உடைஞ்சு போயிருப்பார். அதைக் குடிச்சுக்கொண்டு இவ்வளவு வடிவாச் சொன்னீரே. என்னால ஏலாது, தம்பி.”

நான் கிளாசைப் பார்த்தேன். திரும்பவும் மணந்து பார்த்தேன். அழுகின சாக்கைத் தேடினேன். அதுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

கப்டன் முகம் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, என் கிளாசில் இருந்த மிச்சத்தையும் குடித்து முடித்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் மறுபக்கம் திரும்பி நின்றார்.

அப்போதிக்கரியும் நானும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு உட்துறைமுக வீதியால் நடந்தோம்.

“நீர் பொய் சொன்னீர் எண்டு அவை ரெண்டு பேருக்கும் தெரியும்” என்றார் அவர். “ஏன் சொன்னீர் எண்டு எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

“சொல்லப்போறீரோ?”

“இல்லை.” பிறகு, “வயித்துக்கு ஏதும் செய்தா வாரும், ஐசே” என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கிழமை கப்டனும் நோனாவும் கொழும்பு ரயிலில் போனார்கள். நான் ஸ்டேசனுக்குப் போனேன். நோனா என் கன்னத்தைத் தடவி, கப்டன் அன்றைக்கு இரவு உம்மைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார், இப்படி ஒரு நல்ல மனம் உள்ள ஆளை இந்த ஊரில் விட்டுவிட்டுப் போகிறோமே என்றார் என்று சொன்னார். கப்டன் ஜன்னலுக்குள் இருந்து சலாம் அடித்தார். ரயில் போகும் வரைக்கும் சிரித்துக்கொண்டு கையசைத்தேன்.

நான் இரக்கப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வைன் கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியாது. எனக்கு எதுவும் மணக்கவில்லை. இப்போதும் மணப்பதில்லை.